இங்கினியாகலை முதல் களியோடை வரை: ஆற்றில் இப்போது என்ன மீன் இருக்கிறது?

களியோடைக்காரன் (நிந்தவூர்)

மகளுக்குப் பாடசாலையில் ஒப்படை. எமது ஆற்று மீன்கள் பத்தின் பெயரை எழுதிப் படம் வரைய வேண்டுமாம். நான் சோற்றுக் கோப்பையை விட்டு எழும்பாமலே சொன்னேன்: விரால், குறவை, சுங்கான், கெளுத்தி, பனையேறி, உழுவை, ஆரல், விலாங்கு, வாளை, கெண்டை. எழுதி முடித்துவிட்டு, "வாப்பா, இதுல எத்தனைய நீங்க இந்த வருசம் கண்ணால கண்ட?" என்று கேட்டாள். விரல் விட்டு எண்ணினேன். நான்கு. மற்ற ஆறும் என் வாப்பா காலத்து ஞாபகம்.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகும் சனிக்கிழமைகளிலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லோயாக் கரையோரம் போய்ப் பார்க்கிறேன். பழைய ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். மடுல்சீமைப் பக்க மலையில் பிறந்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, அம்பாறையைத் தாண்டி, வட்டை எனும் வயல்வெளிகளுக்குள் கிளை கிளையாகப் பிரிந்து, எங்கள் ஊர்ப் பக்கம் களியோடை என்ற பெயரோடு கடலுக்குப் போகிறது. மொத்தம் 108 கிலோமீற்றர். நான் பார்த்தது அணைக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும்தான்.

அணைக்குக் கீழே கல்லும் மணலுமான இடத்தில் கெண்டைக் கூட்டம் தெரிந்தது. பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் விரல் நீளச் சின்ன மீனும் இருந்தது. அம்பாறைக்கு இப்பால் எது ஆறு, எது வாய்க்கால் என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. மதகடியில் தூண்டில் போட்டவர்களின் பையில் திலாப்பியா, கெளுத்தி. வட்டைக்குள் தண்ணீர் வடியும் கானில் பனையேறியும் குறவையும். களியோடைப் பாலத்தடியில் வேறு உலகம்: மடவை, கீச்சான், இறால், நண்டு, கைநீளக் கொடுவா இரண்டு.

விலாங்கையும் வாளையையும் எங்கும் காணவில்லை. யாராவது அண்மையில் கண்டீர்களா? எங்கே, எந்த மாதம்? பொய் சொல்ல வேண்டாம், படம் கேட்பேன்.

தூண்டில் கிழவன் (கல்லடி)

தம்பி, முதலில் எந்த வாளை என்று கேட்க வேண்டும். சந்தையில் வாளை என்று கூவினால் பாதிப் பேர் சாவாளையைத்தான் நினைப்பார்கள். வெள்ளிப் பட்டி மாதிரி நீண்டு கிடக்கும் கடல் மீன் அது. நீர் கேட்பது ஆற்று வாளை. செதில் கிடையாது, வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்திருக்கும், மீசை நீளம், பல் பொல்லாதது. 78 நவம்பர்ப் புயலுக்கு முந்திய வருடங்களில் உன்னிச்சைக் குளம் வான் பாயும்போது அதன் கீழே மடுவில் நான் பிடித்திருக்கிறேன். ஒன்றைத் தோளில் போட்டால் வால் முழங்காலில் தட்டும். (சரி, நானும் அப்போது குட்டையன்தான்.)

அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. இல்லை என்று சொல்லவில்லை, நான் காணவில்லை.

வாவிமகள் (வந்தாறுமூலை)

களியோடைக்காரன் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். விலங்கியல் படித்தவள் என்பதால் ஒரு குறையும் ஒரு பாராட்டும்.

குறை, கெண்டை. அது ஒரு மீனின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்துக்கே வைத்த பெயர். செதில் பளபளக்கும் சிறு மீன் எல்லாம் நமக்குக் கெண்டைதான். வாலடியில் கறுப்புப் பொட்டு உள்ளது, மீசை உள்ளது, மீசை இல்லாதது, முதுகுச் செட்டை நூல் நூலாக நீள்வது என்று உங்கள் ஒரு கூட்டத்துக்குள்ளேயே நாலைந்து இனம் கலந்திருக்கும். மறுபக்கம், களப்புக் கெளுத்தியையும் ஆற்றுக் கெளுத்தியையும் ஒரே பெயரில் எழுதிவிடுவோம். அதனால் ஆற்றில் எத்தனை மீன் என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும், யார் வாயால் எண்ணினார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பாராட்டு, நீங்கள் இடம் இடமாகப் பிரித்து எழுதியது. வரைபடத்தில் ஒரு நீலக்கோடு. மீனுக்கு அது ஒரே தண்ணீர் அல்ல. கல்லில் ஒட்டும் அந்தச் சின்ன மீனுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், வெயில் படும் பாசி வேண்டும். வட்டைக் கானுக்குள் விட்டால் அது திணறிப்போகும். பனையேறிக்கு அதே கான் அரண்மனை. செவுளுக்கு மேலே காற்றை நேரே சுவாசிக்க ஓர் உறுப்பு வைத்திருக்கிறது. விராலும் குறவையும் சுங்கானும் தத்தமக்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. அதனால்தான் கோடையில் தண்ணீர் சூடாகி ஒட்சிசன் குறையும் இடத்தில் இவை மட்டும் மிஞ்சும். ஆரலுக்குப் பகலில் புதைந்து கிடக்க மணலோ சேறோ வேண்டும். கரை மருத மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இடத்தைப் பாருங்கள், அந்த இடுக்குக்குள் ஒரு சந்தையே நடக்கும்.

நம் ஊர்ப் பெயர்களைக் கவனித்தால் முன்னோர் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள் என்று தெரியும். மடு, ஓடை, துறை, முனை, தோணா, வில். பாலமீன்மடு என்ற பெயரையே பாருங்கள். பாலைமீன் வந்து தங்கிய மடு என்றுதான் நான் எப்போதும் எண்ணிக்கொள்கிறேன்.

விலாங்கைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதன் கதை தனி.

கல்லாற்றான் (இப்போது டொரொன்டோ)

என்ன படிப்புக் கதை. எல்லாவற்றையும் தின்று முடித்தது திலாப்பியா. எங்கள் சின்ன வயதில் கல்லாற்றில் வலை போட்டால் வகை வகையாக வரும். இப்போது ஊருக்கு வந்தால் அந்தத் திலாப்பியாதான், நம் வாயில் செப்பலி: செப்பலி, செப்பலி, செப்பலி. வெளிநாட்டு மீனைக் குளத்தில் விட்டவனைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

வலைக்காரன் மகன் (மண்டூர்)

அண்ணா, நீங்கள் அங்கே கனடாவில் சால்மன் தின்றுகொண்டு திலாப்பியாவைத் திட்டலாம். எங்கள் வீட்டில் நான்கு பேரைப் படிக்க வைத்தது அந்த மீன்தான். காலையில் வலை எடுத்தால் முக்கால்வாசி அதுதான் வரும், மற்றது எல்லாம் மேலதிகம். வயலும் இல்லை, அரச உத்தியோகமும் இல்லை என்கிற வீட்டில் அதுதான் கறி, அதுதான் காசு.

கல்லாற்றான் (இப்போது டொரொன்டோ)

தம்பி, உங்களைச் சொல்லவில்லை. மீனைச் சொன்னேன்.

வாவிமகள் (வந்தாறுமூலை)

இருவரும் பாதி பாதி சரி.

மொசாம்பிக் திலாப்பியாவை இலங்கைக்குக் கொண்டுவந்தது 1952இல். நைல் திலாப்பியா அதற்குப் பிந்தியது. ஏன் கொண்டுவந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இலங்கையில் இயற்கை ஏரி என்று சொல்லத்தக்கது கிடையாது. எல்லாம் நாம் கட்டிய குளங்கள். நமது நன்னீர் மீன்கள் ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை, கரையோரத்தையும் புல்லையும் விட்டு நடுக்குளத்துக்குப் போவது குறைவு. சேனாநாயக்க சமுத்திரம் மாதிரி ஒரு பெருந்தண்ணீரின் நடுப்பகுதி ஏறக்குறைய வெறும் வீடாகக் கிடந்தது. திலாப்பியா அந்த வீட்டில்தான் குடியேறியது. நாட்டின் குள மீன்பிடியே அதன் மேல்தான் எழுந்தது. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தி, 1994இல்தான் திரும்பக் கொடுத்தது. அந்த இடைவெளியிலும் குஞ்சு விட ஆளில்லாமல் தானே பெருகிச் சட்டிக்கு வந்த மீன் அது. தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கிறது. அப்படிப்பட்டதை ஒழிப்பது எளிதல்ல.

ஆனால் அது குளத்தோடு நிற்கவில்லை. மொசாம்பிக் திலாப்பியாவுக்கு உப்பும் ஒத்துக்கொள்ளும், அதனால் ஆற்று வழியே இறங்கி மட்டக்களப்பு வாவிக்குள்ளும் வந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. உடம்பெல்லாம் முத்துப் புள்ளி போட்ட, பச்சைச் சாயல் உள்ள தட்டை மீன், கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது. சோடியாகச் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். கூடு வைக்கத் திலாப்பியாவும் அதே ஆழமில்லாக் கரையைத்தான் தேடுகிறது. சண்டை அங்கேதான் வரும். இந்தக் கரிமீன் கூட்டத்துக்கு நெருங்கிய உறவு இந்தியாவிலும் மடகஸ்காரிலும்தான் இருக்கிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் புல்லரிக்கும் செய்தி.

குளத்தில் திலாப்பியா பிழைப்பு, வாவிக்கரையில் அது போட்டிக்காரன். ஒரே மீன்தான், இடம்தான் வேறு.

படுவான்கரைப் போடி

பிள்ளை நன்றாக எழுதுகிறது. ஆனால் மீன் குறைந்ததற்கு விவசாயியைத்தான் கடைசியில் பிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன். ஓம், கிருமிநாசினி அடிக்கிறோம். அடிக்காமல் பெரும்போகம் செய்து காட்டட்டும் யாராவது.

களியோடைக்காரன் (நிந்தவூர்)

போடியார், நானும் ஏழு ஏக்கர் செய்கிறவன்தான். குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கண்ணால் கண்டேன். மருந்து அடித்த அடுத்த நாள் தண்ணீரைக் கானுக்குள் திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்தக் கானில் தவளைக் குஞ்சுகூட இல்லை. வரம்பை அடைத்து இரண்டு மூன்று நாள் தண்ணீரை வயலுக்குள்ளேயே மறித்து வைத்தால் மருந்தும் வீணாகாது, கானும் பிழைக்கும். இதை நான் என் வயலில் இப்போது செய்கிறேன். பக்கத்து வயல்காரர் சிரிக்கிறார், அது வேறு கதை.

வாவிமகள் (வந்தாறுமூலை)

சொன்னபடி விலாங்கு.

இந்த ஆற்றுக்கு இரண்டு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேலே, இங்கினியாகலை அணை. 1949இல் வேலை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் ஆற்றை மறித்துவிட்டார்கள். மற்றது கீழே, கடல்வாயில் மணல் போடும் கதவு. கச்சான் காற்று வீசும் கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் கடல் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் அதை உடைக்கும், அல்லது மனிதர் வெட்டுவார்கள். மேல் கதவு மீனுக்குத் திறப்பதே இல்லை. கீழ்க்கதவு எப்போது திறக்கும் என்று மீனுக்குத் தெரியாது.

விலாங்குக்கு இரண்டும் வேண்டும். அது முட்டையிடுவது ஆழ்கடலில். கண்ணாடி மாதிரி உடம்போடு குஞ்சுகள் கரைக்கு வந்து, கடல்வாய் திறந்திருந்தால் உள்ளே நுழைந்து, ஆற்றோடு மேலேறி, குளத்திலும் மடுவிலும் பல வருடம் வளர்ந்து, பிறகு ஒரு மாரியில் வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். திரும்பிப் போனது மறுபடி வராது. குட்டி விலாங்கு ஈரமான சுவரில் ஊர்ந்துகூட ஏறும். ஆனால் இங்கினியாகலை அளவு அணையை அது தாண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படி ஒன்று மேலே போனாலும் திரும்பும் வழி வான்கதவும் மின்நிலையச் சுழலியும்தான்.

வலசை போகிற எல்லா மீனுக்கும் இப்படித்தான் ஒரு கணக்கு இருக்கிறது. கொடுவா உப்புத் தண்ணீரில், கடல்வாய்ப் பக்கம் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளே வந்து நன்னீரிலும் வளரும். இன்னொரு வேடிக்கை, அது ஆணாக வளர்ந்து பெரிதானதும் பெண்ணாக மாறுகிற மீன். சின்னக் கொடுவாவை எல்லாம் பிடித்துத் தீர்த்தால் நாளைக்குத் தாய் மீன் எங்கிருந்து வரும்? மடவையும் கடலில் முட்டையிட்டு வாவியில் வளரும். களப்பு இறாலும் அப்படியே. பெரிய நன்னீர் இறால் மட்டும் மறுபுறம்: வாழ்வது ஆற்றில், ஆனால் அதன் குஞ்சுக்கு உவர்நீர் இல்லாவிட்டால் உயிரில்லை. அணைக்கு மேலே விட்டால் வளரும், பெருகாது. அதனால்தான் குளங்களுக்கு ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கிறது.

அண்ணாவின் மகள் எழுதிய பத்தில் ஒன்பது, கடல்வாய் திறந்தாலும் மூடினாலும் உள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். விலாங்கு ஒன்றுதான் இரண்டு கதவையும் தட்டுகிறது.

படுவான்கரைப் போடி

அந்தக் கீழ்க்கதவைப் பற்றி நான் பேசலாமா? ஒவ்வொரு மார்கழியும் எங்கள் வயல் தண்ணீருக்குள் நிற்கும். கதிர் வருகிற பயிர் நாலு நாள் மூழ்கினால் போச்சு. 2011 தை மாத வெள்ளத்தில் நான் ஒரு மரைக்கால் நெல்லும் எடுக்கவில்லை. அப்போது முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்று நாங்கள் கெஞ்சுவோம். மீன்பிடிகாரர் இப்போது வெட்டாதே என்பார்கள். மீனா சோறா என்று கேட்டால் நான் சோறு என்பேன்.

வலைக்காரன் மகன் (மண்டூர்)

போடியார், நாங்கள் வெட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீடும்தான் மூழ்குகிறது. எப்போது வெட்டுவது என்பதில்தான் பிரச்சினை.

அவசரப்பட்டு வாவியில் தண்ணீர் உயரும் முன்னமே வெட்டினால், வெளியே பாயும் வேகம் போதாது. வாய் அகலாமல், ஆழமாகாமல், சில நாளிலேயே மணல் திரும்ப மூடிவிடும். பிறகு இரண்டாம் தரம் வெட்ட வேண்டும். தண்ணீர் நிறைந்து நிற்கும்போது வெட்டினால் அதுவே தன் வாயை அறுத்துக்கொண்டு போகும். கன நாள் திறந்து கிடக்கும், உங்கள் வயலும் வடியும், கடலிலிருந்து இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் உள்ளே வரும். ஆனால் தாமதித்தால் உங்கள் பயிர் அழுகும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நாலைந்து நாளைத்தான் கூட்டத்தில் உட்கார்ந்து சண்டை பிடித்து முடிவு செய்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு என் அப்பாவும் போவார். போடியார் போன்றவர்களும் வருவார்கள். இரண்டு பேரும் ஒரே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

இன்னொன்று. மண்டூர்–குருமண்வெளிப் பாதையில் (ஆளையும் வண்டியையும் அக்கரைக்கு ஏற்றும் மிதவையில்) ஏறி நடு ஆற்றில் கையை விட்டு நக்கிப் பாருங்கள். (ஆம், நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம், வாவிமகள் அக்கா மன்னிக்கவும்.) மாரியில் உப்பே தெரியாது. வடக்கே கல்லடிப் பக்கம் கோடையில் கடல் தண்ணீர் மாதிரி இருக்கும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஒரே வாவியில் தெற்கே நன்னீரில் மிதக்கும் ஆற்றுவாழையும் வடக்கே உவர்நீரில் நிற்கும் கண்ணாக்காடும். வலையில் விழுவதும் அப்படியே மாறும். ஒரே வாவியில் நான் விரால் எடுக்கிறேன், கல்லடியில் மச்சான் ஓரா எடுக்கிறான்.

வாவிமகள் (வந்தாறுமூலை)

மன்னிப்பு எதற்கு? என் அம்மம்மாவும் ஆத்து மீன் என்றுதான் சொல்லுவா. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற ஒன்றுக்கு ஆறு என்று பேர் வைத்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது. மாரியில் அது ஆறாகத்தானே ஓடுகிறது.

தூண்டில் கிழவன் (கல்லடி)

கீச்சான் என்று முதல் பதிவில் கண்டதிலிருந்து ஒன்று சொல்லத் துடிக்கிறேன். கல்லடிப் பாலத்தடியில் நிலா நாளில் தோணியை நிறுத்தி, சவளை, அதாவது துடுப்பை, தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்து நான் கேட்டிருக்கிறேன். தந்தி மீட்டின மாதிரி, தவளை கத்தின மாதிரி, இரண்டும் கலந்த ஒரு சத்தம். மீன் பாடுகிறதா, ஊரி பாடுகிறதா என்று வெள்ளைக்காரன் எமர்சன் டெனன்ட் காலத்திலிருந்து விவாதம். 1848இல் அந்த மனுசன் இங்கே தோணியில் போய்க் கேட்டு, சிப்பி வகை என்று நினைத்துவிட்டுப் போனார். பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரியார் லாங் சுவாமி ஒலிப்பதிவும் செய்தார்.

என் கட்சி மீன்தான். கீச்சானைத் தூண்டிலில் எடுத்துக் கையில் பிடித்தால் கீச்சு கீச்சு என்று கத்துகிறதே, பேரே அதனால் வந்ததுதானே. கெளுத்தியும் முள்ளை விறைத்துக்கொண்டு கறகற என்று ஒரு சத்தம் போடும். சத்தம் போடத் தெரிந்த மீன் கரைக்கு வந்த பிறகுதான் போடும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வாவிமகள் (வந்தாறுமூலை)

மாமா, பாடுகிற மீன் எது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மீன்கள் தண்ணீருக்குள் சத்தம் போடும் என்பதில் சந்தேகமே இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து மேளம் போடுகிற இனங்கள் உண்டு. கெளுத்தி செட்டை முள்ளின் அடியைத் தேய்த்து ஒலி எழுப்பும். கீச்சானும் காற்றுப்பைக் கூட்டம்தான். இப்போது நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி இருக்கிறது. ஆனால் பாலத்தில் வாகன இரைச்சல், தண்ணீருக்குள் எஞ்சின் வள்ளம். பாட்டு இருந்தாலும் கேட்பதற்கு ஒரு இரவு அமைதியாகக் கிடைக்க வேண்டுமே.

நெறியாளர்

பாடுமீனுக்கு ஏற்கெனவே மூன்று இழை ஓடுகிறது. தயவுசெய்து ஆற்றுக்குத் திரும்பவும்.

கல்லாற்றான் (இப்போது டொரொன்டோ)

சரி, ஆற்றுக்கே வருகிறேன். திலாப்பியாவில் நான் அவசரப்பட்டேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். போன வருடம் ஊருக்கு வந்தபோது ஓர் ஆற்றங்கரையில் உழவு இயந்திரப் பெட்டியும் டிப்பரும் வரிசையாக நின்று மண் ஏற்றின. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், ஊரில் எனக்கு இன்னும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். நான் சின்ன வயதில் முழங்கால் தண்ணீரில் நடந்து கடந்த இடம் அது. இப்போது ஆனை ஆழம். குளிக்கப் போன பிள்ளைகளைப் பயத்தில் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தோம். இதனால் மீனுக்கு என்ன ஆகும்? ஆழம் கூடினால் மீனுக்கு நல்லதுதானே என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார்.

வாவிமகள் (வந்தாறுமூலை)

அந்த விளக்கம் சொன்னவரிடம் டிப்பர் இருந்ததா?

ஆற்றுக்கு மடுவும் வேண்டும், மேடும் வேண்டும். கோடையில் ஆறு வற்றும்போது மீன் ஒதுங்குவது இயற்கையான மடுவில். முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் பெரும்பாலும் வெயில் படும் ஆழமில்லா மணலிலும் கூழாங்கல்லிலும். மணல் தோண்டினால் மேடு எல்லாம் குழியாகும், ஆரல் புதையும் படுக்கை லொறியில் ஏறிப்போகும், கரை இடிந்து மருத மரம் சாயும். கலங்கல் தண்ணீர் கீழே போய்ப் பாசியை மூடும். பாசி இல்லாவிட்டால் களியோடைக்காரன் அண்ணா பாறையில் கண்ட சின்ன மீனுக்குச் சாப்பாடு இல்லை. கடலோரம் என்றால் இன்னொரு வினை: ஆற்றுப் படுகை தாழ்ந்தால் உப்பு இன்னும் உள்ளே ஏறும். அது போடியாரின் வயலுக்கும் சேர்த்துத்தான்.

படுவான்கரைப் போடி

இதில் நான் உங்களோடு. கரை இடிந்து எங்கள் வாய்க்கால் தலைப்பே போய்விட்டது. முறைப்பாடு கொடுத்தோம், கொடுத்த பத்திரம் இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

வலைக்காரன் மகன் (மண்டூர்)

நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தடை செய்த தங்கூசி வலை எங்கள் பக்கமும் ஓடுகிறது. கண் சிறியது, மலிவு, அறுந்தால் அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போகலாம். அது பிறகு ஆளில்லாமல் தன் பாட்டில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். விரால் குஞ்சு சிவப்புப் பந்து மாதிரிக் கூட்டமாக மிதக்கும்போது, தாயும் தகப்பனும் கீழே நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஒரு சோடி விராலுக்காக ஒரு பந்துக் குஞ்சு போகிறது. அப்பா அதைச் செய்ய மாட்டார். என் வயதுக்காரர் செய்கிறோம், நான் ஒரு தரம் செய்திருக்கிறேன்.

களியோடைக்காரன் (நிந்தவூர்)

இதற்கு நன்றி சொல்ல வேண்டும் தம்பி.

இந்த இழையைத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நேற்று இரவு நல்ல மழை. ஒன்பது மணிக்கு வட்டைப் பக்கம் வண்டியில் வந்தேன். வெளிச்சத்தில் தார் ரோட்டுக்குக் குறுக்கே ஏதோ துள்ளியது. தவளை என்று நினைத்து இறங்கிப் பார்த்தால் பனையேறி. செவுள் மூடியை ஊன்றி, வாலால் உந்தி, ஒரு கானிலிருந்து மற்றக் கானுக்கு ரோட்டைக் கடக்கிறது. ஒன்றல்ல, ஐந்தாறு. பின்னால் வந்த ஆட்டோக்காரரையும் மறித்து நிறுத்தினேன். அவர் இறங்கி வந்து, "காக்கா, இதப் புளியாணம் வெச்சா எப்படி இருக்கும்!" என்றார். நல்ல மனிதர், ஆனாலும் ஒன்றையும் எடுக்க விடவில்லை.

மகளின் ஒப்படை கொடுத்தாகிவிட்டது. பத்து மீனையும் வரைந்தாள். வாளைக்கும் விலாங்குக்கும் நிறம் தீட்டவில்லை, பென்சில் கோடு மட்டும். டீச்சர் நிறம் தீட்டாததற்கு இரண்டு புள்ளி குறைத்துவிட்டார். காணாத மீனுக்கு எப்படி நிறம் தீட்டுவது என்று வீட்டுக்கு வந்து அழுதாள். நான் என்ன சொல்ல?

வலைக்காரன் மகன் (மண்டூர்)

காக்கா, மகளிடம் சொல்லுங்கள். இன்று காலை அப்பாவின் இறால் கூட்டுக்குள் ஒரு விலாங்கு. முழங்கை நீளம் வரும். முதுகு கறுத்த பச்சை, வயிறு மஞ்சள் வெள்ளை. படம் பிறகு போடுகிறேன், இப்போது கையெல்லாம் வழுவழுப்பு, போனைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர்ப் பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கிறது, மேலே பலகை வைத்துக் கல்லும் வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் ஏறிப் போய்விடும்.

களியோடைக்காரன் (நிந்தவூர்)

யா அல்லாஹ். விற்றுவிடாதீர்கள் தம்பி, என்ன விலை என்றாலும் நான் தருகிறேன். நாளைக் காலையே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் பார்த்து நிறத்தைக் குறித்துக்கொண்டதும் அங்கேயே ஆற்றில் விட்டுவிடலாம்.

வலைக்காரன் மகன் (மண்டூர்)

விலை வேண்டாம். அப்பா பாதி மனதோடு சரி என்கிறார், அம்மா ஆணத்துக்குப் புளி கரைத்து வைத்துவிட்டா. வெள்ளன வாருங்கள். குருமண்வெளித் துறைக்கு வந்து போனில் ஒரு கோல் எடுத்தால் போதும், பாதையில் ஏற்றி விடச் சொல்கிறேன். மகளுக்கு மாற்றுடுப்பு ஒன்றும் கொண்டு வாருங்கள், எங்கள் துறையில் சேறு.

தூண்டில் கிழவன் (கல்லடி)

அப்படியே வாளையையும் யாராவது பாருங்கள்.